இந்த மாசம் யார் முறை?

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சின்னவள் பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்து போனாள். பக்கம் முடிந்துவிட்டதென்று நாமும் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வாரக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

விட்ட இடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திவிடுகிறேன். ஒரே வீடு, அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். ஓரகத்திகள் இரண்டு பேரும் வேலை செய்வதும் ஒரே இடத்தில்தான். நகராட்சி பூட்டிப் போட்டிருந்த பழைய பம்ப் ஹவுஸில், தெருக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து நடத்துகிற கூட்டுறவுச் சலவைக்கூடம்.

கட்டிடத்தை நகராட்சி ஒரு வருஷத்துக்குக் கொடுத்துப் பார்த்தது. ஒழுங்காக நடத்திக் காட்டுங்கள், நீண்ட குத்தகைக்கு எழுதித் தருகிறோம், நகராட்சி ஆஸ்பத்திரித் துணிகளையும் நிரந்தரமாகத் தருகிறோம் என்றது. அந்த வருஷம் முடிகிற நேரத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று அதே கட்டிடத்துக்கும் அதே துணிகளுக்கும் போட்டிக்கு வந்து நிற்கிறது. கம்பெனி ஜெயித்தால் இவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இதற்கு நடுவில்தான் தம்பிக்காரன், சாப்பிட்டுக்கொண்டே, "அந்தக் கம்பெனியில எனக்கு சூப்பர்வைசர் வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று குண்டைத் தூக்கிப் போட்டான். சின்னவள் பேசாமல் எழுந்து போனது அப்போதுதான். பெரியவள் அந்த மௌனத்துக்குத் தானாகவே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டாள். புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். மூஞ்சியையும் திருப்பிக்கொண்டாள்.

இன்று நகராட்சிக் குழு சலவைக்கூடத்தைப் பார்க்க வருகிறது.

காலையில் பெரியவள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு நீல ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஷிப்டுக்குக் கிளம்பியவர் கதவருகே நின்று பார்த்தார்.

"இது உன் முறை இல்லையே?"

அந்த முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சலவைக்கூடத்தில் முதலாளி கிடையாது. மாதத்துக்கு ஒருவர் முறைக்காரர். மற்றவர்கள் வெள்ளை ஏப்ரன் கட்டுவார்கள், முறைக்காரர் நீலம் கட்டுவார். வெளியாட்களோடு பேசுவது, போன் எடுப்பது, வாரக் கூட்டத்தை நடத்துவது எல்லாம் நீல ஏப்ரன்காரர் பொறுப்பு. மாதம் பிறந்ததும் பழைய முறைக்காரர் அதை அவிழ்த்து, அடுத்தவர் இடுப்பில் தன் கையாலேயே கட்டிவிட வேண்டும். போன மாதம் பெரியவள் முறை. இந்த மாதம் சின்னவள்.

மாதம் பிறந்தது. பெரியவள் ஏப்ரனை அவிழ்க்கவும் அவிழ்த்தாள். "கறை பட்டிருக்கு, வீட்டுல கொண்டுபோய்த் துவைச்சு எடுத்துட்டு வர்றேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள், ஒரு ஏப்ரனைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போகிறாளாம். கேட்கிறவர்களுக்குப் புரியாமலா இருக்கும்? புரிந்தது. ஆனால் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு இந்தச் சங்கத்தைச் சேர்த்தவளே அவள்தான் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"குழு போன மாசமே வந்திருக்கணும்" என்றாள் கணவரிடம். "தேதியைத் தள்ளிப் போட்டது அவங்க. நியாயமாப் பார்த்தா இது என் முறையில நடக்க வேண்டியது."

"போன மாசத்து பஸ் பாஸை இந்த மாசம் காட்டினா நான் இறக்கி விட்டுடுவேன்."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. அவ போய் அவங்க முன்னாடி நின்னு, எங்களால முடியலீங்க, கம்பெனிக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிட்டா?"

"அவ அப்படிச் சொல்வாளா?"

"புருஷன் வேலைன்னா யாரும் சொல்வாங்க."

"அவகிட்டயே கேட்டுப் பார்த்தியா?"

பெரியவள் முடிச்சை இறுக்கிப் போட்டாள். கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வழக்கமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து போவார்கள். இன்று சின்னவள் முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

* * *

சலவைக்கூடத்தில் மெஷின் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று எப்போதும்போல் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு சுவர் ஓரம் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. முதியோர் இல்லத்துப் போர்வைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. வரப்போகிறவர்களுக்காகத் தரையை யாரோ விடிகாலையிலேயே தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடுவில் வந்து சேர வேண்டும். இத்தனை நாளும் ஓரகத்திகள்தான் ஜோடி. பேச்சே வேண்டாம், கை தானாக வரும். இன்று சின்னவள் எதிரே ரேடியோ நின்றாள். வாய் ஓயாதவள் என்பதால் வைத்த பெயர்.

பெரியவள் உள்ளே நுழைந்ததும் ரேடியோ நீல ஏப்ரனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னக்கா, ஏப்ரன் பளிச்சுன்னு இருக்கு. நம்ம துவைப்பு மாதிரியே இல்லையே. நல்ல லாண்டரியில குடுத்தீங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மூலையில் இஸ்திரிக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். சின்னவள் சிரிக்கவில்லை. பார்க்கவும் இல்லை. விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றாள் பெரியவள்.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. நகராட்சியின் கூட்டுறவு அதிகாரி, குழு வருவதற்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். இந்தச் சங்கம் உருப்பட வேண்டும் என்று இவர்களுக்கு அடுத்தபடி கவலைப்பட்டவர் அவர்தான். பெரியவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு விஷயம். குழுத் தலைவியம்மா மெஷினைப் பார்க்கவோ துணியைப் பார்க்கவோ வரல. முன்னாடி ஒரு தச்சுச் சங்கம் இருந்துச்சே, தெரியுமில்ல?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"பேருக்குத்தான் சங்கம். உறுப்பினர்னு இருந்ததெல்லாம் ஒரே ஆளோட மச்சான், சித்தப்பா, மாமனார். நகராட்சி குடுத்த கட்டிடத்தை அந்த ஆள் சொந்தக் குடோன் ஆக்கிட்டாரு. குடுக்கலாம்னு சொன்னது இந்த அம்மாதான். அதுலேர்ந்து சங்கம்னு யார் வந்தாலும், இதுல யார் முதலாளின்னுதான் தேடுவாங்க. நீங்க முறை மாத்தி நடத்தறீங்கன்னு நான் அடிச்சுச் சொல்லியிருக்கேன். அதை நம்பித்தான் வர்றாங்க." அவர் பார்வை ஏப்ரனில் விழுந்தது. "இந்த மாசம் உங்க முறையா அக்கா?"

"ம்" என்றாள் பெரியவள்.

சொன்ன மாத்திரத்திலேயே பொய் என்று உறைத்தது. அவிழ்த்துக் கொடுத்துவிடலாமா என்று கை பின்னால் முடிச்சுக்குப் போனது. காலையில் இறுக்கிய இறுக்கலில் முடிச்சு அசைந்து கொடுக்கவில்லை. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

* * *

தலைவியம்மா குள்ளமாக, குடையும் கையுமாக இருந்தார். கூட வந்த இரண்டு உறுப்பினர்கள் மெஷினைத் தட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார்கள். இவர் அதெல்லாம் கேட்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பேச்சுக் கொடுத்தார்.

"யார் எவ்வளவு சம்பளம்னு யார் முடிவு பண்றாங்க?" என்று ரேடியோவைக் கேட்டார்.

"நாங்கதாங்க. அதுக்காக ஒரு நாள் பூரா சண்டை போட்டுக்கிட்டோம். இன்னும் தொண்டை சரியாகல."

இஸ்திரிக்காரரிடம் போனார். "உங்களுக்கு யார் வேலை சொல்றது?"

"யாராவது சொன்னா நல்லாத்தாங்க இருக்கும். சொல்ல ஆள் இல்லாததால நானாச் செஞ்சுக்கறேன்."

தலைவியம்மா முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. பெரியவள் சும்மா நின்றிருக்கலாம். அவளால் முடியவில்லை. பதற்றத்தில் அடுத்த கேள்வி யாரைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள். மெஷின்காரியைக் கேட்டதற்கு இவள் சொன்னாள். கொடியில் போர்வை போட்டுக்கொண்டிருந்தவளைக் கேட்டதற்கும் இவளே சொன்னாள்.

தலைவியம்மா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

"எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்றீங்களே."

"நீல ஏப்ரன் இல்லீங்களா, அதான்."

"ஆமா, சொன்னாங்க. அப்ப இந்த மாசம் உங்க முறையா?"

ரேடியோ வாயைத் திறக்காமல் நின்றதை அந்தக் கூடம் அன்றைக்குத்தான் பார்த்தது.

"ஆமாங்க" என்றாள் பெரியவள்.

"இல்லைங்க" என்றது ஒரு குரல். "என் முறை."

சின்னவள்தான். மடித்த விரிப்பு கையிலேயே இருந்தது.

"ஏப்ரனை அக்கா எனக்குத் தரல. நான் கேக்கவும் இல்ல. இப்ப ஆமாங்கன்னு உங்ககிட்ட சொன்னப்புறம் பேசாம இருந்தா நானும் சேர்ந்து பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டுறவு அதிகாரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"ஏன் தரல?" தலைவியம்மா சின்னவளைத்தான் கேட்டார்.

"உங்ககிட்ட போட்டிக்கு வந்திருக்காங்களே, அந்தக் கம்பெனியில எங்க வீட்டுக்காரருக்கு வேலை தர்றதாச் சொல்லியிருக்காங்க. நான் எதையாவது மாத்திப் பேசிடுவேன்னு அக்காவுக்கு பயம்."

"பயப்படறதுல நியாயம் இருக்கே."

"இருக்குதுங்க. ஆனா கேட்டிருக்கணும். என்னை மட்டும் இல்ல, இவங்க எல்லாரையும்."

இஸ்திரிக்காரர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். அதை நிமிர்த்தி வைத்துவிட்டு நடுவில் வந்தார்.

"கூட்டம் போட்டுடலாம்."

"இப்பவா?" என்றாள் ஒருத்தி. "இவங்கள்லாம் வந்து நிக்கறப்பவா?"

"முறையில தகராறு வந்தா அந்த நிமிஷமே வேலையை நிறுத்திக் கூட்டம்னு நாமதானே விதி போட்டோம். வேற நாட்டுக்காரங்களா போட்டாங்க?"

மெஷின்காரி மூன்று மெஷினையும் நிறுத்தினாள். பிறகு தலைவியம்மாவிடம் போய், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பா நினைச்சுக்காதீங்க. உறுப்பினர் இல்லாதவங்க கூட்டத்துல இருக்கக் கூடாது. கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள்.

அதிகாரிக்கு மயக்கம் வராத குறை. நகராட்சிக் குழுவை வாசலில் நிற்க வைத்த சங்கம் எந்த ஊரிலாவது உருப்பட்டிருக்கிறதா? அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். தலைவியம்மா அதற்குள் வெளியே போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பின்மேல் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார்.

கதவு சாத்தப்பட்டது.

"நீ முதல்ல சொல்லும்மா" என்றார் இஸ்திரிக்காரர் பெரியவளைப் பார்த்து.

பெரியவள் முதலில் சப்பைக்கட்டுதான் கட்டினாள். குழு போன மாதமே வந்திருக்க வேண்டும் என்றாள். கறை என்றாள். கறை என்று சொல்லும்போது அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பயந்துட்டேன்" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. உங்களையெல்லாம் வீட்டுக்கு வீடு வந்து கூப்பிட்டவ நான். ரேடியோ, நீ இருந்த வேலையை விட்டுட்டு வந்தே. கட்டிடம் போச்சுன்னா உங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அதான் யாரையும் நம்பாம எல்லாத்தையும் நானே புடிச்சுக்கிட்டேன். தப்புதான்."

பிறகு மெஷின்காரி சொன்னாள்.

"எனக்குப் பட்டதைச் சொல்லிடறேன். பெரியக்காவே பேசட்டும். பழக்கப்பட்டவங்க. முறையை அப்புறம் பார்த்துக்கலாம். கட்டிடமே போயிட்டா ஏப்ரனை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அது நியாயமில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று தலைகள் ஆடின.

சின்னவள் விரிப்பைக் கீழே வைத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்குச் சாப்பாட்டுல எழுந்து போனது கோபத்துல இல்ல. அழுகை வந்துடுச்சு. அவர் ஒரு நல்ல வேலைக்காக எத்தனை வருஷமா அலையறாருன்னு எனக்குத்தான் தெரியும். அப்படியிருந்தும் அவர் சொன்ன உடனே என் மனசுல என்ன வந்துச்சு தெரியுமா? ஐயோ, இந்த வேலை இவருக்குக் கிடைக்கக் கூடாதேன்னு வந்துச்சு. கட்டின புருஷனுக்கு எவளாவது அப்படி நினைப்பாளா? அதை வெளியில சொல்லவும் முடியல. அக்காகிட்ட சொல்லி அழலாம்னு இருந்தேன்." அவள் பெரியவளைப் பார்த்தாள். "நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க."

பெரியவளுக்குக் கண்ணில் குபுக்கென்று நீர் வந்தது. எத்தனை வருஷமாக ஒரே அடுப்படியில் நிற்கிறவர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காலையில் அந்த மனுஷன் கூடச் சொன்னாரே.

தகராறில் சம்பந்தப்பட்ட இருவரும் கை தூக்கக் கூடாது. மீதி ஒன்பது பேர். பெரியவளே பேசட்டும் என்று மூன்று கை எழுந்தது. முறைப்படி சின்னவள்தான் என்று ஆறு கை. ரேடியோவின் கைதான் முதலில் எழுந்தது.

பெரியவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆறு பேரும் அவள் கூப்பிட்டு வந்தவர்கள், அவள் சொல்லிக் கொடுத்தவர்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது இன்னும் இறுகியது. உடம்பை அப்படியும் இப்படியும் வளைத்துப் பார்த்தாள்.

சின்னவள் பின்னால் வந்து நின்றாள்.

"நேரா நில்லுங்க. இப்படி ஆடினா எப்படி அவுக்கறது?"

நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். பெரியவள் ஏப்ரனை வாங்கி அவள் இடுப்பில் வைத்து, பின்னால் போய்க் கட்டிவிட்டாள். இந்த முறை தளர்வாகவே கட்டினாள்.

* * *

வெளியே போய்த் தலைவியம்மாவைக் கூப்பிட்டது சின்னவள்தான். அவர் நீல ஏப்ரனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவள் பேசியது ஒன்றும் பெரிய பிரசங்கம் இல்லை. திக்கித் திக்கித்தான் பேசினாள். அந்த மெஷின் ஒழுகும் என்று அவளே காட்டினாள். மழை பிடித்தால் துணி காய்ந்து போய்ச் சேரத் தாமதமாகிறது, ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை திட்டு வாங்கினோம், துணி காயப்போடும் இடத்துக்கு ஒரு பக்கம் கூரை போட்டுத் தந்தால் அந்தத் தாமதம் இருக்காது என்றாள். பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். குறையையெல்லாம் இவளே வரிசையாக எடுத்து வைக்கிறாளே என்று உள்ளுக்குள் பதைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் செய்த கடினமான வேலைகளில் அது ஒன்று.

"கம்பெனி உங்களைவிடக் குறைச்ச ரேட்டுக்குச் செய்யறேன்னு சொல்றாங்க" என்றார் கூட வந்த உறுப்பினர்.

"செய்வாங்க. துணியை வெளியூர்ல கொண்டுபோய்த் துவைப்பாங்க. இங்க ஆறேழு பேரை வச்சு மூட்டை கட்டுவாங்க. எங்களுக்கு நீங்க குடுக்கறது இந்தத் தெருக் கடையிலதான் செலவாகுது. என் பொண்ணு ஸ்கூல் பீஸுக்குப் போகுது, இவரு வீட்டு வாடகைக்குப் போகுது. அவங்களுக்குக் குடுத்தா எங்க போகும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

உறுப்பினருக்கும் தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வேலை?" என்றார் தலைவியம்மா.

"அது எங்க வீட்டு விஷயங்க. அதை நான் பார்த்துக்கறேன்."

தலைவியம்மா கிளம்பும்போது எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தார். பெரியவள் அருகே வந்ததும் நின்றார். "அந்தத் தச்சுச் சங்கத்துல நான் எத்தனையோ தடவை போய் உக்காந்திருக்கேன். ஒரு நாளும் என்னை யாரும் வெளியில போகச் சொல்லல" என்றார். அவர் சொன்னது பாராட்டா குத்தலா என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. அன்று பகல் முழுக்க அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வேலை முடிகிற சமயத்தில் போன் அடித்தது. பெரியவள் கை பழக்கத்தில் நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டாள். சின்னவள் எடுத்தாள். கேட்டாள், சரிங்க என்றாள், மறுபடி சரிங்க என்றாள், வைத்தாள்.

"கட்டிடம் நமக்குத்தான். பத்து வருஷத்துக்கு. ஆஸ்பத்திரித் துணியும் நமக்குத்தான்."

அப்புறம் அங்கே நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. இஸ்திரிக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரேடியோ மெஷினைக் கட்டிப்பிடித்து ஈரமானாள். பெரியவள் ஓரமாக நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். சின்னவள் மட்டும் போன் பக்கத்திலேயே நின்றாள். எல்லோருக்கும் கிடைத்தது அவளுக்கும் கிடைத்தது. ஆனால் இதே செய்தி இன்னொரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

* * *

வீட்டுக்கு இருவரும் ஒன்றாக நடந்து வந்தார்கள். வழியில் பெரியவள் மன்னிப்புக் கேட்டாள். "சரி விடுங்க" என்றாள் சின்னவள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

தம்பிக்காரன் சமையலறையில் முக்காலிமேல் உட்கார்ந்திருந்தான். கண்டக்டரும் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். பெரியவள் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள்.

"கம்பெனி இந்த ஊருக்கு வரலையாம்" என்றான் தம்பிக்காரன். "போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. வேற ஊர்ல இருந்தா கூப்பிடறோம்னாங்க. அதெல்லாம் சும்மா பேச்சு."

அவன் கெட்டவன் இல்லை. பெரியவள் இந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பையன். தன் பிள்ளைக்குச் செய்வதுபோல் அவனுக்குச் செய்தவள் அவள். அவன் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"கோபம் ஒண்ணும் இல்ல அண்ணி" என்றான். "நல்லா நடத்தறீங்க, கிடைச்சது. நான்தான் அந்தக் கம்பெனியைப் போய்ப் பெரிசா நம்பினேன்." டம்ளரைக் கையில் வைத்து உருட்டினான். "இனிமே துணி நிறைய வருமில்ல? வண்டி ஓட்டவாவது ஆள் வேணுமே. என்னையும் சங்கத்துல சேர்த்துக்குங்களேன்."

வா தம்பி, அதுக்கென்ன, நான் பார்த்துக்கறேன். வார்த்தை பெரியவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையில் வாங்கிய அடி இன்னும் ஆறாததால் மென்று முழுங்கினாள்.

"அது என் கையில இல்லப்பா. புது ஆளைச் சேர்க்கறதுன்னா பதினோரு பேரும் கை தூக்கணும். ஒருத்தர் தூக்கலைன்னாலும் சேர்க்க முடியாது."

"அதுல ரெண்டு கை இந்த வீட்டுலயே இருக்கே" என்றார் கண்டக்டர், நிலைமையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று. "மீதி ஒன்பதைத் தேடினாப் போதும்."

"ஒரு கைதான் இருக்கு" என்றாள் சின்னவள்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"நான் தூக்க மாட்டேன்."

"என்னடி சொல்றே?" தம்பிக்காரனுக்குப் புரியவில்லை. "என் மேல கோபமா?"

"கோபம் இல்லீங்க. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல." அவள் சொல்ல வந்ததைச் சொல்வதற்குச் சிரமப்பட்டாள். "கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் உங்க சம்சாரம். கடைக்குப் போனா உங்க பேரைச் சொல்லி அவர் வீட்டம்மாங்கறாங்க. ஸ்கூலுக்குப் போனா பொண்ணோட அம்மா. அங்க ஒரு இடத்துலதான் என் முறைன்னு ஒண்ணு இருக்கு. இன்னைக்குத்தான் அது என் கைக்கு வந்துச்சு. நீங்க வந்துட்டா நாளைக்கு நான் ஒண்ணு சொன்னா எல்லாரும் உங்க முகத்தைப் பார்ப்பாங்க. நானும் பார்ப்பேன். எனக்குத் தெரியும், நான் பார்ப்பேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தெரியல."

"எப்பவுமே தூக்க மாட்டியா?"

"அதுவும் தெரியல."

அவன் அண்ணியைப் பார்த்தான். சின்ன வயதில் அண்ணன் அடிக்க வந்தபோதெல்லாம் பார்த்த அதே பார்வை. நீ சும்மா இருடி, அவன் எங்கே போவான் என்று ஒரு அதட்டல் போட்டால் சின்னவள் அடங்கிவிடுவாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அவள் அந்த அதட்டலைப் போடவில்லை.

"ஒரு கை எழலைன்னா எழலதான்ப்பா" என்றாள்.

அவன் டீயைத் தொடாமல் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். "எங்கடா இந்த நேரத்துல?" என்று கண்டக்டர் பின்னாலேயே போனார். கீழே வாசல் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் தம்பி பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்.

சின்னவள் அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் பண்ணினது தப்பா?"

அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் பெரியவளிடம் பதில் இருக்கும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியலடி" என்றாள்.